தேங்காய்ப் பால் என்று சொன்னேன்

பால் குடிக்காத ஒருவனால் தினம் பதினாறு மைல் ஓட முடியுமா என்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம் வைகாசி மாதம் எங்கள் தபால் ஆபீசில் ஒரு சோதனை நடந்தது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். அரியலூர்ப் பக்கம், ரயில் நிற்கிற ஊர் என்பதோடு விட்டுவிடுங்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு மனிதனுடைய பிழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனைக் கவிழ்க்கப் பார்த்தவர்கள் யார் யார் என்று பின்னால் யோசித்தபோது முதல் பெயராக என் பெயர்தான் வந்தது. நான் அந்த ஆபீசில் குமாஸ்தா, சிவசுப்பிரமணியன்.

அவன் பெயர் தங்கசாமி. தபால் ரன்னர். யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனதும் கரிப் புகையில் ஓட்டுவதற்காகப் பெரம்பலூர் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். அது மேட்டைக் கண்டால் நிற்கும், பள்ளத்தில் புகையும். ஏறினவர்கள் பாதி தூரம் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். மனிதர்கள் தாமதமாகப் போய்ச் சேரலாம், தபால் அப்படிச் சேரக் கூடாது. அதனால் பழையபடி ரன்னரைப் போட்டார்கள். காலை ஆறு மணிக்குத் தங்கசாமி ரயில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் ரோட்டில் எட்டு மைல் ஓட வேண்டும். எட்டு மணிக்குள் பாதி வழியில் இருக்கும் தபால் குடிசையில் அதை ஒப்படைக்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து வந்த ரன்னர் தன் பையை அங்கே கொடுப்பான். அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப எட்டு மைல். பத்தே முக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டும். கையில் சலங்கை கட்டிய ஈட்டி உண்டு. அதைக்கொண்டு அவன் ஒரு ஓணானைக்கூட விரட்டி நான் பார்த்ததில்லை.

வயது முப்பது இருக்கும். ஒல்லியான உடம்பு, தட்டிப் பார்த்தால் பலகை. இருட்டு விலகும் முன்பே எழுந்து ஏரிக்கரையில் ஐம்பது தண்டால், நூறு பஸ்கி எடுத்துவிட்டு, ஏரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒருதரம் நீந்திவிட்டுத்தான் ஆபீசுக்கு வருவான். கம்பங்கூழ், வரகரிசிச் சோறு, கொள்ளு ரசம், முருங்கைக்கீரை, கைநிறைய வேர்க்கடலை, கொஞ்சம் எள். இதுதான் அவன் சாப்பாடு. கறி, மீன், முட்டை கிடையாது என்றதும் நம்மைப் போல் சைவம் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால் மோரும் கிடையாது, நெய்யும் கிடையாது, தேனும் கிடையாது. டிபார்ட்மெண்டு கொடுத்த தோல் பெல்ட்டை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டு, பித்தளை வில்லையை நூல் கயிற்றில் கோர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். சைவத்திலும் சேராமல் அசைவத்திலும் சேராமல் இது என்ன ஜாதி என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு மழை நாளில் கேட்டேன். ரயில் வரவில்லை, இருவரும் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தோம்.

"பண்ணையார் வூட்டுல மாட்டுக்கொட்டாய் என் பொறுப்புல இருந்துச்சுங்க" என்றான். "கன்னு செத்துப்போச்சுன்னா தோலை உரிச்சு, உள்ள வைக்கோல் அடைச்சு, தச்சு, மாட்டுக்கு முன்னால நிக்க வைப்பேன். மாடு அதைத் தன் கன்னுன்னு நக்கும். நக்குனா பால் சுரக்கும், கறந்துக்குவோம். வைக்கோல் கன்னு தைக்கிறதுல என்னை மாதிரி ஆளு சுத்துப்பட்டுல கெடையாதுங்க."

"அது எல்லா ஊரிலும் செய்கிறதுதானேப்பா?"

"ஆமாங்க. ஒரு வாட்டி ஒரு மாடு நக்கி நக்கித் தையலைப் பிரிச்சிருச்சு. உள்ளேருந்து வைக்கோல் வெளிய வந்துருச்சு. மாடு அதைப் பார்த்துச்சு. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்துச்சுங்க." ஈட்டிச் சலங்கையைக் கையால் பொத்திக்கொண்டான். "அன்னிக்கு வூட்டுல சோத்துல மோர் ஊத்துனாங்க. உள்ள எறங்கல."

அதிலிருந்து ஒவ்வொன்றாக விட்டுவிட்டானாம். கடைசியில் பண்ணை வேலையையும் விட்டுவிட்டு இங்கே வந்தான். எனக்கு அவன்மேல் ஒரு பிரியம் விழுந்தது. என் மனைவி ஜெகதாம்பாள் செய்யும் கடலை உருண்டையைத் தினம் ஒன்று டப்பாவில் போட்டுக் கொண்டுபோவேன். அவன் பையைத் தோளில் ஏற்றியதும் நீட்டுவேன். இடது கையால் வாங்கி, பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுவான். அது வெல்லமும் கடலையும் மட்டும்தான், நெய் தடவியது இல்லை என்று முதல்நாள் ஒருமுறை நான் சொன்னதோடு சரி. பிறகு அவன் கேட்டதே இல்லை.

வம்பு பங்குனியில் வந்தது. திரும்பி வரும் வழியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டி ஒன்று. மாடு வெயில் தாங்காமல் முன்காலை மடித்து விழுந்துகிடக்கிறது. வண்டிக்காரன் அதன் வாலை முறுக்கிக்கொண்டிருக்கிறான். தங்கசாமி பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்தடிக்குத் தன் தோளைக் கொடுத்து, வண்டிக்காரனைப் பின்னால் தள்ளச் சொல்லி, புளியமர நிழல்வரை வண்டியை இழுத்துவிட்டிருக்கிறான். மாட்டுக்குத் தண்ணீரும் காட்டியிருக்கிறான். ஸ்டேஷனுக்கு வந்தபோது ரயில் போய் கால் மணியாகியிருந்தது. ஒரு நாள் தபால் முழுதும் தங்கிவிட்டது.

மெயில் ஓவர்சியர் வேணுகோபால் வந்து விசாரித்தார். பெரிய மீசை, பெரிய சைக்கிள், வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கறி. கெட்டவர் இல்லை. சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில், வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போன ஒரு ரன்னரின் மனைவிக்கு அவர்தான் போய்ச் சேதி சொன்னாராம். அன்று முதல் ஒல்லியான ரன்னரைக் கண்டால் என்ன சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்பார்.

"வண்டி இழுத்தேன்னு கதை சொல்லாத. மயக்கம் போட்டு வுழுந்திருப்ப" என்றார். "கறி திங்கிறதில்ல, சரி. பாலும் குடிக்கிறதில்ல. அப்ப எதுலேருந்துய்யா பலம் வரும்?"

"வண்டி மாடு கறி திங்குதுங்களா? பால் குடிக்குதுங்களா? அம்மாங் கல்லையும் இழுக்குதுங்களே."

"நீ மாடா?"

"மாடு வுழுந்தப்ப அந்த வண்டிய நான்தாங்க இழுத்தேன்" என்றான் தங்கசாமி.

ஸ்டாம்பு விற்கிறவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஓவர்சியர் சிரிக்கவில்லை. 'உடம்பில் சத்தில்லை, ஓட்டத்துக்கு லாயக்கில்லை' என்று மேலே எழுதிப் போட்டார். வைகாசியில் உத்தரவு வந்தது. மூன்று நாள் சோதனை. ஓவர்சியர் கூடவே சைக்கிளில் வருவார். மூன்று நாளில் ஒரு நாள், ஒரு நிமிஷம் தவறினாலும் வேலை இல்லை.

அன்று மாலை அவன் மனைவி சின்னப்பொண்ணு ஆபீசின் பின்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"பண்ணையிலேருந்து ஆளு வந்துட்டுப் போச்சுங்க. இந்த வேல போச்சுன்னா கொட்டாய்க்கே வந்துரட்டும், வைக்கோல் கன்னு தைக்க அவனாட்டம் ஆளு அமையலன்னு சொல்லி விட்டிருக்காங்க. எங்களுக்கு வேற போக்கு ஏதுங்க? நிலமா நீச்சா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தக் கொட்டாய்க்குள்ள மறுபடி நொழைஞ்சா இந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாருங்க. நீங்கதான் பார்த்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் நாள் எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே குடிசையில் இருந்தான். திரும்பும்போது ஓவர்சியரின் சைக்கிளில் முள் குத்தி, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பதினொன்றரைக்கு வந்தார். தங்கசாமி அதற்குள் ரயிலையும் அனுப்பிவிட்டு, ஆபீஸ் மரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் பை கனம். வாரப் பத்திரிகைகள் எல்லாம் அன்றுதான் வரும். எட்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது சேர்ந்தான். திரும்பியபோது அவன் முதுகில் வேர்வை உப்பாகப் பூத்திருந்தது. விலா எலும்பை ஒன்று இரண்டு என்று எண்ணலாம் போலிருந்தது. ரேஷனில் அந்த மாதம் கொடுத்த அரிசி புழு அரித்தது, கம்பு கிடைக்கவில்லை, இரண்டு நாளாக வெறும் கஞ்சித் தண்ணீர்தான் என்று சின்னப்பொண்ணு சொல்லியிருந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் நாலு நிமிஷம் ஆனது. நாளைக்கு என்ன ஆகும்?

வீட்டுக்குப் போனேன். கொல்லையில் எங்கள் பசு நின்றுகொண்டிருந்தது. அது கன்று ஈன்று இருபது நாள். ஒன்பதாம் நாளே கன்று செத்துவிட்டது. பால் கறக்கிற செல்லப்பன்தான் தோலை எடுத்து வைக்கோல் கன்று தைத்துக் கொட்டகையில் நிறுத்தியிருந்தான். பசு ஏமாந்து வேளைக்கு மூன்று படி கறந்துகொண்டிருந்தது. தங்கசாமி சொன்ன கதை அப்போது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன்.

விடியும் முன்பே ஜெகதாம்பாளை எழுப்பி உளுந்தங்கஞ்சி வைக்கச் சொன்னேன். கருப்பட்டி போட்டு, நல்ல கெட்டியாக. அதில் ஒரு படி பாலை ஊற்றச் சொன்னேன், இரண்டு கரண்டி நெய்யும்.

"யாருக்குங்க? தங்கசாமிக்குன்னா அவரு பால் தொட மாட்டாரே" என்றாள்.

"நீ ஊத்து."

"கேட்டாருன்னா?"

"தேங்காய்ப் பால்னு சொல்லிக்கிறேன். சுக்கும் ஏலக்காயும் கொஞ்சம் தூக்கலாப் போடு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றினாள். என் மனசில் அது தப்பாகவே படவில்லை. மீனா ஊற்றினேன்? ஆட்டுக்கால் சூப்பா ஊற்றினேன்? பால். தலைமுறை தலைமுறையாகச் சைவமாக இருக்கிற என் வீட்டில், சாமிக்கு அபிஷேகம் செய்கிற பால். புத்தி தெளியாத ஒருவனுக்கு நாலு வாய் நல்ல பாலைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றிவிட்டால் அது புண்ணியம் இல்லாமல் வேறென்ன? மாமிசம் தின்கிறவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான் என்று இப்போது நினைக்கிறேன். கறியைக் கலந்தால் துரோகம் என்று அவனுக்குத் தெரியும். பாலைக் கலந்தால் துரோகம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தோன்றாது.

தூக்குவாளியோடு ஆபீசுக்குப் போனேன். அன்று ஓவர்சியர் முன்கூட்டியே குடிசைக்குப் போய்க் கடிகாரத்தோடு காத்திருந்தார். தங்கசாமியுடன் சாட்சியாக என்னைச் சைக்கிளில் வரச் சொல்லியிருந்தார்.

"என்னங்கய்யா இது, கமகமன்னு இருக்கு?"

"உளுந்தங்கஞ்சிப்பா. தேங்காய்ப் பால் ஊத்தினது. குடி."

நின்றபடியே வாளியைத் தூக்கி மடமடவென்று முழுதும் குடித்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு நல்ல கைப்பக்குவமுங்க" என்றான். பிறகு கடலை உருண்டையையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஓடினான்.

முதல் இரண்டு மைல் சலங்கைச் சத்தம் சீராக வந்தது. நான் சைக்கிளில் பத்தடி பின்னால் போனேன். வெயில் இன்னும் ஏறவில்லை. எனக்கு மனசுக்குள் ஒரே பெருமிதம். மூன்றாவது மைல் கல் தாண்டியதும் சத்தம் தடுமாறியது. அவன் ஈட்டியைக் கைமாற்றி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஓடினான். சுளுக்கு என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். நாலாவது மைலில் ஓட்டம் நடையானது. நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை; அது ஓடுகிறவனின் வேர்வை இல்லை. ஐந்தாவது மைல் கல்லின் பக்கத்தில் பையை மெதுவாக இறக்கி வைத்தான். பங்குனிக்குப் பிறகு அவன் பையை நடுவழியில் கீழே வைத்தது அன்றுதான். ஓரத்துக்குப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான்.

ஒருமுறை இல்லை, மூன்று முறை. ஐந்து வருஷமாகப் பாலே காணாத வயிறு. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி அவன் தலையைப் பிடித்தேன். தரையில் கிடந்தது வெள்ளையாக, திரிந்து திரிந்து இருந்தது. வாடை குப்பென்று ஏறியது. சுக்கும் ஏலக்காயும் அதை அமுக்கவில்லை.

அவன் அதைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"அய்யா, இது தேங்காய்ப் பால் இல்லீங்களே."

"உன் நல்லதுக்குத்தாம்பா" என்றேன். "உடம்பு தாங்காதுன்னு பயந்துட்டேன். பால்தானே, வேற ஒண்ணும் இல்ல."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பக்கத்துக் கிணற்று வாய்க்காலில் வாயைக் கொப்பளித்தான். முகத்தைக் கழுவினான். எழுந்து நின்றான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த மாட்டுக்குக் கன்னு இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பான். மணி ஏழு பத்து. இன்னும் மூன்று மைல் இருந்தது. இதையெல்லாம் ஒரு சமாதானமாகச் சொல்கிறேன். உண்மை என்னவென்றால், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"இருக்குப்பா. நல்லா துள்ளிக்கிட்டு இருக்கு" என்றேன்.

அவன் முகம் கொஞ்சம் லேசானது. "அது குடிச்சது போக மிச்சந்தானுங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பையைத் தூக்கித் தோளில் போட்டான்.

அந்த மூன்று மைலை நான் இன்னும் மறக்கவில்லை. வயிற்றில் ஒன்றுமில்லை, நேற்றைய கஞ்சித் தண்ணீரும் போய்விட்டது. முதல் அரை மைல் நடந்தான். பிறகு ஓடினான். ஒரு இடத்தில் சாய்ந்தான், ஈட்டியை ஊன்றி நிமிர்ந்தான். "பையை நான் சைக்கிள்ல வச்சுக்கிறேம்பா, யாரும் பாக்கல" என்றேன். "வேணாங்க" என்றான், அவ்வளவுதான். ஏழாவது மைலில் அவன் மூச்சுச் சத்தம் சலங்கையை மீறிக் கேட்டது. என் கடிகாரத்தில் ஏழு ஐம்பது. குடிசை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஒரு ஊர்த் தெய்வத்தையும் பாக்கிவிடாமல் சிறுவாச்சூர் அம்மன்வரை கூப்பிட்டேன். வளைவு திரும்பியதும் புளியமரமும் குடிசையும் தெரிந்தன. ஓவர்சியர் ரோட்டின் நடுவில் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தங்கசாமி அவரைத் தாண்டிப் போய்க் குடிசைத் திண்டில் பையை வைத்தான்.

"ஏழு ஐம்பத்தெட்டு" என்றார் ஓவர்சியர்.

குரலில் ஏமாற்றம் இல்லை, ஆறுதல்தான் இருந்தது. அவன் அருகே போய்த் தோளைத் தட்டியவர் மூக்கைச் சுருக்கினார். மேல்துண்டில் வாடை இருந்தது.

"என்னய்யா, பால் வாடை அடிக்குது? இப்பவாவது புத்தி வந்துச்சா?"

தங்கசாமி பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் ஓவர்சியருக்கு விளங்கியிருக்கும். சோதனை நாளில் ரன்னரின் வயிற்றைக் குமாஸ்தா கெடுத்தான் என்று தெரிந்தால் என் கதி என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் எட்டு மைலை வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடினான். சிக்னல் இறங்கும்போது ஸ்டேஷனில் இருந்தான். ஓவர்சியர் அன்று மத்தியானமே ரிப்போர்ட் எழுதினார். 'மூன்று நாளும் நேரம் தவறவில்லை. தற்சமயம் பால் அருந்தி வருவதால் உடல் தேறியுள்ளது. வேலையில் நீடிக்கலாம்.' திங்கட்கிழமை தங்கசாமி அதில் கைநாட்டு வைக்க வேண்டும், பிறகு மேலே போகும் என்று என்னிடம் கொடுத்தார். அதைப் படித்தபோது காது சுட்டது. வேலை நிலைத்ததே, ஒரு வரிதானே என்று டிராயரில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் ஜெகதாம்பாள் அக்கம்பக்கத்தில் எல்லாம் எங்கள் பசுவின் பால்தான் அவன் வேலையைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளையும் நான் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லைப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் தங்கசாமி. கையில் ஒரு கட்டு அறுகம்புல், பனி ஈரத்தோடு. வேரை அலசி, பொடிப் பொடியாக நறுக்கி வாழைநாரால் கட்டியிருந்தான்.

"கன்னுக்குங்க" என்றான். "அதோட பாலு என் வயித்துக்குள்ள போயிருச்சு. அதான் ரெண்டு வாய் புல்லு குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன். இளங்கன்னு, புல்லு கடிக்கப் பழகுற நாளு."

நான் கொட்டகை வாசலை மறைத்து நின்றேன். "குடுப்பா, நான் போட்டுடறேன்" என்று கையை நீட்டினேன். என் கை நீண்ட விதத்தில் என்ன கண்டானோ தெரியாது. என் தோளுக்கு மேலே கொட்டகைக்குள் பார்த்தான்.

பசு வைக்கோல் கன்றின் நெற்றியை நக்கிக்கொண்டிருந்தது.

அவன் என்னைத் தாண்டி உள்ளே போனான். பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். கன்றின் பக்கத்தில் குந்தி, அதன் கழுத்தடியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"தையல் வுட்டுப்போச்சுங்க" என்றான். அவன் குரலில் ஒன்றுமே இல்லை. "செல்லப்பன் பெருந்தையலாப் போட்டிருக்காரு. இன்னும் ரெண்டு நாளுல வைக்கோல் வெளிய வந்துரும். மாட்டுக்குத் தெரிஞ்சுரும்."

"தங்கசாமி..." என்றேன்.

"போயிட்டு வரேங்க."

புல்லைப் பசுவின் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை காபி வந்தது. குடித்தேன். பொய் சொல்ல இனி எனக்கு ஒன்றும் பாக்கி இல்லை, குடித்தேன் என்றே எழுதுகிறேன். குடித்த பிறகு கொல்லைக்குப் போய் அந்தக் கன்றைத் தூக்கிக்கொண்டுபோய் எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தேன். பசு மூன்று நாள் கத்தியது, பால் நின்றது, ஜெகதாம்பாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஓவர்சியர் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தேன். நடந்ததை எல்லாம் எழுதியிருந்தேன். பாலை ஏமாற்றிக் கொடுத்தது நான், அவன் ஐந்தாவது மைலில் அதை வாந்தியெடுத்தான், மிச்சப் பதினொரு மைலையும் வெறும் வயிற்றோடு ஓடினான். ஓவர்சியர் இரண்டு தரம் படித்தார்.

"இதுக்கு உங்களுக்கு மேலேருந்து மெமோ வரும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"வெறும் வயித்துலயா ஓடினான்?" என்றார். மீசையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, ரிப்போர்ட்டில் பால் வரியை அழுத்தமாக அடித்துவிட்டு, மேலே எழுதினார்: 'இவன் பாலும் மாமிசமும் உட்கொள்வதில்லை. ஓட்டத்துக்கு முழுத் தகுதியானவன்.'

தங்கசாமியைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினேன். "இன்னொருவாட்டி படிங்க" என்றான். படித்தேன். ஓவர்சியரின் முகத்தையும் பார்த்தான், அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் கட்டை விரலை மையில் வைத்தான்.

பையைத் தோளில் ஏற்றினான். நான் டப்பாவைத் திறந்து கடலை உருண்டையை நீட்டினேன். வாங்க மாட்டான் என்று நினைத்தேன். வாங்கினான். வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். சலங்கைச் சத்தம் பெரம்பலூர் ரோட்டில் இறங்கிப் போனது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் பஸ் வந்த பிறகும் அவனை எங்கள் ஆபீசிலேயே டெலிவரிக்குப் போட்டார்கள். ஐம்பது வயசிலும் சைக்கிள் வேண்டாம் என்று நடந்தே மூன்று ஊருக்குக் கடிதம் கொடுத்தான். நான் ஓய்வு பெற்ற நாள்வரை பதினோரு வருஷம் அவனுக்குத் தினம் ஒரு கடலை உருண்டை கொடுத்தேன். ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு நாள்கூட முகர்ந்து பார்க்காமல் தின்றதும் இல்லை.